நகரசபை வாக்கோடு நிற்பதா, பிரசாவுரிமை எடுப்பதா? டென்மார்க்கில் வாழ்பவருக்கு ஓர் ஒப்பீடு

2025 நவம்பர் 18ஆம் திகதி, நகரசபைத் தேர்தல் நாளன்று, ஹேர்னிங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலை மண்டபத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தபாலில் வந்த வாக்காளர் அட்டையைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு வாக்குச்சீட்டுகள். ஒன்று நகரசபைக்கு, மற்றது வைத்தியசாலைகளை நடத்தும் பிராந்திய சபைக்கு. திரைக்குப் பின்னால் போய் இரண்டு புள்ளடி போட்டுவிட்டு வந்தார். அம்மா இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தது 1991இல். அன்றிலிருந்து ஒரு பாராளுமன்றத் தேர்தலில்கூட அவர் வாக்களித்ததில்லை. நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது, பிரசாவுரிமை இல்லை.

அதே கிழமை பிராண்டே அம்மன் கோயிலில் மதுரைக்கார நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். காற்றாலைத் துறையில் பொறியியலாளர், வந்து ஏழு வருடம் ஆகிறது, இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். "அண்ணா, நகரசபைக்கு ஓட்டுப் போட முடியுதே, அது போதாதா? இதுக்காக இந்திய பாஸ்போர்ட்டை விடணுமா?" என்று கேட்டார். இரண்டு நாளுக்கு முன் காரில் வரும்போது அம்மாவும் கிட்டத்தட்ட இதையே வேறு விதமாகக் கேட்டிருந்தார்: "இந்த வயசில எனக்கு என்னத்துக்குத் தம்பி பெரிய வாக்கு?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில் இல்லை. இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யாருக்கு எது என்று தெரியும். இருப்பதோடு நிற்கலாம், சட்டம் மாறும் என்று காத்திருக்கலாம், பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஊர் வாக்கு என்று இன்னொன்றும் உண்டு.

கையில் இருக்கும் வாக்கு

நாங்கள் கொம்யூன என்று சொல்லிப் பழகிய நகரசபையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. டென்மார்க்கில் 98 நகரசபைகள் இருக்கின்றன. பிள்ளைகள் காப்பகம், பாடசாலை, நூலகம், வேலைவாய்ப்பு மையம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அவற்றின் கையில்தான். வரிக்குரிய வருமானத்தில் சராசரியாக 25 விழுக்காடு அளவு நகரசபை வரியாகப் போகிறது. அம்மாவுக்குக் காலையில் உதவிக்கு வரும் பெண்மணி எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் அங்கே ஒதுக்கும் பணம்தான்.

இந்த வாக்குக்கு விண்ணப்பம் எதுவும் இல்லை. மக்கள் பதிவேட்டில் உங்கள் முகவரி இருந்தால் அட்டை தானாக வீடு தேடி வரும். நிரந்தர வதிவிடம்கூடத் தேவையில்லை. தொடர்ந்து நான்கு வருடம் வாழ்ந்திருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும், நோர்வே, ஐஸ்லாந்து போன்ற நோர்டிக் நாட்டவருக்கும் அந்தக் காத்திருப்பும் இல்லை. வாக்களிக்க முடிந்தவர் போட்டியிடவும் முடியும். கட்சிக்குப் போடாமல் ஆளின் பெயருக்கு நேரே புள்ளடி போடலாம் என்பதால், சிறிய சமூகம் ஒன்று ஒன்றாக நின்றால் பட்டியலின் கீழே கிடக்கும் பெயரையும் மேலே தூக்கிவிட முடியும். எங்கள் ஆட்கள் இதைப் போதுமான அளவுக்குப் பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஆனால் இந்த வாக்கு எட்டாத இடங்களைப் பாருங்கள். குடும்ப மீளிணைவு, வதிவிட அனுமதி, அகதிச் சட்டம், பிரசாவுரிமை நிபந்தனை, முதியோர் ஓய்வூதியம், போர், ஐரோப்பா இவை அத்தனையும் ஃபோல்கதிங் எனப்படும் பாராளுமன்றத்தின் வேலை. அம்மாவின் ஓய்வூதியம் அவர் இங்கே வாழ்ந்த வருடக் கணக்கில் பங்கு பிரித்துத்தான் வருகிறது. அந்தக் கணக்கை எழுதியது நகரசபை அல்ல. சர்வஜன வாக்கெடுப்பிலும் வெளிநாட்டவருக்கு இடமில்லை. 1992 ஜூன் 2ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் 50.7 விழுக்காட்டால் நிராகரித்தது. வித்தியாசம் ஐம்பதாயிரம் வாக்குக்கும் குறைவு. அன்று ஐரோப்பா முழுவதும் டென்மார்க்கைத் திரும்பிப் பார்த்தது.

இன்னுமொன்று. முன்பு மூன்று வருடம் வாழ்ந்தவருக்கு நகரசபை வாக்கு இருந்தது. 2025இல் அது நான்கு வருடமாகியிருந்தது. மாற்றியது பாராளுமன்றம். அந்த மாற்றத்தால் வாக்கை இழந்தவர் எவருக்கும் அந்தப் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்ய வாக்கு இல்லை. நகரசபை வாக்கோடு நின்றுவிடலாம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த வாக்கின் சாவியும் நம் கையில் இல்லை.

"பெண்களுக்குக் கொடுத்த மாதிரி எங்களுக்கும் ஒருநாள் கொடுப்பார்கள்"

கோயில் அன்னதானத்தில் இந்த வாதத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன். வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது, வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1849 ஜூன் 5ஆம் திகதி ஏழாம் ஃபிரெடெரிக் மன்னர் கையெழுத்திட்ட அரசியலமைப்பு அந்தக் காலத்துக்கு மிகவும் முற்போக்கானது. ஆனாலும் வாக்கு கிடைத்தது முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொந்தக் குடும்பம் நடத்துகிற, நற்பெயருள்ள ஆண்களுக்கு மட்டும். மொத்த மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வெளியே நின்றவர்களை டேனிஷ் பாடசாலைகளில் இன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: பெண்கள், வேலைக்காரர், ஏழைகளுக்கான உதவிப்பணம் வாங்கியவர், கடனில் நொடித்தவர், குற்றவாளி, புத்தி குறைந்தவர் என்று கருதப்பட்டவர், வெளிநாட்டவர்.

இந்த வரிசை ஒவ்வொன்றாகக் கரைந்த கதைதான் டென்மார்க் ஜனநாயகத்தின் கதை. அது நேர்கோட்டிலும் போகவில்லை. 1864 போரில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்த பிறகு, 1866இல் மேலவைக்கு வசதி படைத்தவரின் கை ஓங்கும்படி அரசியலமைப்பைப் பின்னோக்கித் திருத்தினார்கள். கீழவையில் பெரும்பான்மை இல்லாமலேயே பிரதமர் எஸ்ட்ரப் 1875 முதல் 1894 வரை ஆட்சி நடத்தினார், தற்காலிகச் சட்டங்களால் வரவுசெலவையும் ஓட்டினார். கீழவைப் பெரும்பான்மைக்கு எதிராக அரசு நிற்கக் கூடாது என்ற வழக்கம் 1901இல்தான் வேரூன்றியது. எல்லோர் முன்னும் கை உயர்த்தி வாக்களித்த முறை மாறி இரகசிய வாக்கு வந்ததும் அதே ஆண்டில்.

பெண்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது அவர்கள் உள்ளே வந்த வாசலை. பாராளுமன்ற உறுப்பினர் ஃபிரெட்ரிக் பாயர் 1886இல் பாராளுமன்றத்தில் முன்வைத்தது கோபன்ஹேகன் நகரசபைக்குப் பெண்கள் வாக்களிக்கலாம் என்ற சிறிய யோசனைதான். அதுவும் அப்போது நிறைவேறவில்லை. 1903இல் திருச்சபை ஊர்ச்சபைகளில் வாக்கு. 1908இல் நகரசபை வாக்கு. 1915இல் பாராளுமன்ற வாக்கு, வேலைக்காரர்களுக்கும் சேர்த்து. 1918இல் முதல் தடவையாகப் பெண்கள் வாக்களித்தபோது நான்கு பெண்கள் கீழவைக்குப் போனார்கள். 1924இல் நீனா பாங் கல்வி அமைச்சரானார். ஆக, நகரசபை என்ற திண்ணையில் ஏழு வருடம் இருந்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்கள்.

வெளிநாட்டவரும் அதே திண்ணைக்குத்தான் வந்தார்கள். 1977இல் நோர்டிக் நாட்டவருக்கு, 1981இல் மூன்று வருடம் வாழ்ந்த எல்லோருக்கும் நகரசபை வாக்கு கிடைத்தது. மேற்கு ஐரோப்பாவில் மிகச் சில நாடுகளே அப்போது இதைச் செய்திருந்தன. டென்மார்க் இதற்காகப் பெருமைப்படலாம், நானும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் 1981இலிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் திண்ணையிலேயே இருக்கிறோம். ஏன்?

காரணம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. பாராளுமன்ற வாக்குக்கு டேனிஷ் பிரசாவுரிமை வேண்டும், நாட்டுக்குள் நிரந்தரமாக வாழ வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் வயதைச் சாதாரணச் சட்டத்தாலும் வாக்கெடுப்பாலும் மாற்ற இடம் விட்டிருக்கிறது. அதனால்தான் வயது அசைந்தது: 1953இல் 23, 1961இல் 21, 1971இல் 20, 1978இல் 18. 1969இல் பதினெட்டுக்குக் குறைக்கக் கேட்டபோது 78 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மறுத்தார்கள். ஒன்பது வருடம் கழித்துத் திரும்பக் கேட்டு வென்றார்கள். உதவிப்பணம் பெற்றவர்கள் மீதான தடையும் சாதாரணச் சட்டத்தால் 1961இல் போனது. சட்டத் தகுதி, அதாவது தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும் உரிமை, பகுதியளவில் மட்டும் நீக்கப்பட்டவர்களுக்கு 2019இலிருந்து பாராளுமன்ற வாக்கு கிடைத்தது. பிரசாவுரிமை நிபந்தனையை நீக்க இந்தக் குறுக்கு வழி கிடையாது. அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இரண்டு தேதிகள் போதும். 1939இல் ஒரு திருத்தத்துக்கு வாக்களித்தவர்களில் 91 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. ஆனால் மொத்த வாக்காளரில் 45 விழுக்காடு தேவைப்பட்டது; கிடைத்தது 44.46. திருத்தம் விழுந்தது. 1953இல் 45.76 விழுக்காட்டில் தப்பிப் பிழைத்தது. அந்தத் தடவை பதின்மூன்று வயது இளவரசி மார்கிரேத்தேயின் அரியணை உரிமையும் அதே பொதியில் இருந்தது. பலரை வாக்குச்சாவடிக்கு இழுத்தது அதுதான். இன்று தேவைப்படுவது 40 விழுக்காடு. அதற்கு முன் ஒரு பாராளுமன்றம் நிறைவேற்றி, தேர்தல் நடத்தி, அடுத்த பாராளுமன்றமும் ஓர் எழுத்தும் மாறாமல் நிறைவேற்ற வேண்டும். 1953க்குப் பிறகு ஒரு வரிகூட மாறவில்லை. வெளிநாட்டவருக்கு வாக்கு கொடுப்பதற்காக இத்தனை படியையும் ஏற எந்தப் பெரிய கட்சியும் முன்வராது என்றே நினைக்கிறேன்.

பெண்களுக்குத் திறந்த கதவு நமக்கும் திறக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பெண்கள் திரும்பப் போக வேறு நாடு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் "பிரசாவுரிமை எடுங்கள், வாக்கு வரும்" என்று சொல்ல அரசியல்வாதிகளுக்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் இருக்கும்வரை கதவு அசையாது.

வாக்கில்லாதவரைச் சட்டம் காக்குமா?

காக்கும், ஆனால் மெதுவாக. "தமிழர் வழக்கு" என்று எங்கள் பெயராலேயே டேனிஷ் வரலாற்றில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி, பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களை அப்படியே கிடப்பில் போடச் செய்தார். சட்டப்படி அது அவர்களுக்குக் கட்டாய உரிமை. பாராளுமன்றக் குறைகேள் அதிகாரி விசாரித்தார், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நடந்தது. ஆறாயிரம் பக்க அளவிலான அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும், பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் நின் ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத் தண்டனை விதித்தது.

இந்த நாட்டின் மீது எனக்குள்ள மரியாதையில் பெரும் பங்கு இந்த வழக்கிலிருந்து வந்தது. வாக்கே இல்லாத சில நூறு குடும்பங்களுக்கு இழைத்த தவறுக்காக ஓர் அரசாங்கம் வீழ்ந்தது. ஆனால் கால இடைவெளியைப் பாருங்கள்: 1987க்கும் 1993க்கும் நடுவே ஆறு வருடம். காத்திருந்த பிள்ளைகள் போர் நடுவே வளர்ந்தார்கள். நமக்கு அன்று வாக்கு இருந்திருந்தால் அந்த விண்ணப்பங்களை அவ்வளவு எளிதில் கிடப்பில் போட்டிருப்பார்களா என்ற கேள்வி என்னை விட்டுப் போனதில்லை.

ஊர் வாக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியப் பிரஜைகள் வெளிநாட்டில் இருந்தபடியே வாக்காளராகப் பதியலாம், ஆனால் தேர்தல் நாளன்று சொந்தத் தொகுதிச் சாவடிக்கு நேரில் போய் நிற்க வேண்டும். மதுரை நண்பர் ஏழு வருடத்தில் ஒரு தடவைதான் போயிருக்கிறார். இலங்கைக்கு வெளியே இருந்து வாக்களிக்க வழியே இல்லை. டென்மார்க் இதில் எதிர்த்திசை: சில விதிவிலக்குகள் தவிர, டேனிஷ்காரர் ஒருவர் நிரந்தரமாகச் சென்னைக்குக் குடிபோனால் அவருடைய பாராளுமன்ற வாக்கு போய்விடும். எங்கே வாழ்கிறாயோ அங்கே வாக்களி என்பது இந்த நாட்டின் எண்ணம். எனக்கு அது சரியாகவே படுகிறது. நம் பிள்ளை படிக்கும் பாடசாலை இங்கே இருக்க, வாக்கை மட்டும் ஊரில் வைத்திருப்பது மனதுக்கு ஆறுதல் தரலாம், வாழ்க்கைக்கு உதவாது.

பிரசாவுரிமையின் விலையும் வரவும்

டென்மார்க்கில் பிரசாவுரிமையை அதிகாரி எவரும் கொடுப்பதில்லை. சட்டத்தால் மட்டுமே கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு. ஆகவே உங்கள் பெயர் பாராளுமன்றத்தில் நிறைவேறும் ஒரு சட்டத்தில் அச்சாகும்.

நிபந்தனைகள் இறுக்கமானவை. பொதுவாக ஒன்பது வருடத் தொடர் வதிவிடம், அகதிகளுக்கு எட்டு. 2002க்கு முன் ஏழு வருடம் போதுமாக இருந்தது. நிரந்தர வதிவிட அனுமதி இரண்டு வருடம் கையில் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் நிலை டேனிஷ் மொழிப் பரீட்சை. 45 கேள்விகள் கொண்ட பிரசாவுரிமைப் பரீட்சையில் 36 சரியாக வர வேண்டும், அதிலுள்ள ஐந்து விழுமியக் கேள்விகளில் நான்கு சரியாக இருக்க வேண்டும். கடந்த நான்கு வருடத்தில் மூன்றரை வருடம் முழுநேர வேலை. அரச உதவிப்பணம் பெற்றிருந்தால் அதற்கும் வரம்பு. சிறைத் தண்டனை பெற்றவருக்குக் கதவு அடைத்துவிட்டது. கடைசியில் நகரசபையில் ஒரு விழா. அங்கே கைகுலுக்கினால்தான் எல்லாம் முடியும்.

இலங்கையர், இந்தியர் என்று பார்த்தால் விலை வேறு வேறு. டென்மார்க் 2015 செப்டம்பர் 1ஆம் திகதியிலிருந்து இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்கிறது. இலங்கையும் விண்ணப்பித்தால் அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை. கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாடுவாழ் இந்தியர் (OCI) அட்டை எடுக்கலாம்; அந்த அட்டையில் வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. வாடிப்பட்டிப் பக்கம் அப்பா வைத்திருக்கும் வயலைப் பற்றி நண்பர் கவலைப்பட்டார். பரம்பரைச் சொத்தாக வருவதற்குத் தடையில்லை, புதிதாக வாங்குவதற்குத்தான் தடை.

வரவு என்ன? பாராளுமன்ற வாக்கு, ஐரோப்பியப் பாராளுமன்ற வாக்கு, சர்வஜன வாக்கெடுப்பு. அதோடு, நிரந்தர வதிவிடம் தராத ஒரு நிம்மதி. ஊரில் பெற்றோருக்குச் சுகமில்லை என்று பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போய்த் தங்கினால் வதிவிட அனுமதி காலாவதியாகிவிடக்கூடும். பிரசாவுரிமைக்கு அந்தப் பயம் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பாரமானது பிள்ளைகள். இங்கே பிறந்ததாலேயே ஒரு பிள்ளை டேனிஷ் பிரஜை ஆவதில்லை. பெற்றோர் எடுத்தால் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். எடுக்காவிட்டால், ஹேர்னிங் வைத்தியசாலையில் பிறந்து, டேனிஷில் கனவு காணும் பிள்ளை பதினெட்டு வயதில் வகுப்புத் தோழர்கள் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கப் போகும்போது வீட்டில் இருக்கும். மலையகத் தமிழரின் பிரசாவுரிமையை 1948இல் இலங்கைச் சட்டம் பறித்தபோது, அடுத்த வருடம் வாக்கும் போனது. பல இலட்சம் பேரின் மூன்று தலைமுறை அதைச் சுமந்தது. அந்தத் தீவிலிருந்து வந்த எனக்கு, பிரசாவுரிமையை வெறும் பிரயாணப் பத்திரமாகப் பார்க்க முடியவில்லை.

இருவருக்கும் நான் சொன்னது

நண்பரிடம் எடு என்றேன். ஐந்து வருடத்தில் ஊர் திரும்பும் திட்டம் இருந்தால் வேண்டாம், நகரசபை வாக்கை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கலாம். வீடு வாங்கி, பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிட்டு இன்னும் தள்ளிப் போடுவதுதான் தவறு. 2002இலிருந்து நிபந்தனைகள் போன திசை ஒன்றுதான். காத்திருப்பவருக்கு விலை கூடியே வந்திருக்கிறது.

அம்மாவின் விஷயத்தில் வேறு முடிவுக்கு வந்தேன். பத்தொன்பது வருடம் விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர். மொழி வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவும் இல்லை. மொழிப் பரீட்சையிலிருந்து விலக்குப் பெற நீண்டகாலக் கடும் நோய்க்கான வைத்தியச் சான்று வேண்டும், பாராளுமன்றக் குழு அதைப் பார்த்து முடிவு செய்யும். முதுமையும் பள்ளிக்கூடம் போகாததும் அதற்குப் போதாது. இது நியாயமில்லை என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து உழைத்து வரி கட்டிய முதியவருக்கு மொழிப் பரீட்சை இல்லாமல் ஒரு வழி வேண்டும். அதற்கு அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை, நிபந்தனைகளைத் தளர்த்தினாலே போதும். அதுவரை அம்மாவுக்கு நகரசபை வாக்குத்தான். முதியோர் பராமரிப்பு பற்றி எந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று இந்தத் தடவை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரைப் பிடிக்கவில்லை என்றார், ஒருவரைப் பிடித்திருந்தது.

நண்பர் இப்போது மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார். ஒன்பது வருடம் நிறைய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, மற்றபடி அவருக்கு இடையூறு ஒன்றும் தெரியவில்லை. மனைவியின் கணக்குத்தான் இடிக்கிறது: கணவரின் விண்ணப்பத்தில் மனைவியைச் சேர்க்க முடியாது, அவரே தனியாக எல்லா நிபந்தனையையும் நிறைவேற்ற வேண்டும். அவர் பிள்ளைகள் காப்பகத்தில் அரைநேரம் வேலை செய்கிறார். முழுநேரம் கேட்டுக் காப்பகத்துக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டித் திருத்தித் தரச் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம்.